4 சதவீதத்தில் தேறிய அத்தியாயம்: ஏஐ காலத்தில் ஓர் ஆய்வு மாணவியை நெறிப்படுத்தியது பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏற்கனவே வெளியான எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் அந்த அத்தியாயத்துக்கு வந்தது 4 சதவீதம்தான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை எந்த நடவடிக்கையும் கிடையாது, ஆகவே விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் மேற்கோள் காட்டியிருந்த கட்டுரைகளில் மூன்றை யாரும் எங்கேயும் எழுதியதே இல்லை.

நீலகிரியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் நடந்தது இது. நான் அங்கே பாடம் எடுக்கிறேன், அந்தப் பிஎச்.டி. மாணவிக்கு இணை நெறியாளர். அவருடைய சம்மதத்தோடு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன். பெயருக்குப் பதில் ஆய்வாளர் என்றே சொல்கிறேன். இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்ததிலிருந்து துறை அறைகளில் நாம் பேசுவதெல்லாம் மாணவரை எப்படிப் பிடிப்பது என்றே போகிறது, ஆய்வு மாணவரோடு உட்கார்ந்து இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசுவது ரொம்பக் குறைவு. எழுதி முடித்த பிறகு மென்பொருளில் போட்டு எண் பார்த்தால் பொறுப்பு வந்துவிடாது, எழுதிக்கொண்டிருக்கும்போதே நெறியாளர் வாராவாரம் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால்தான் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

சீகைக்கு அடியில் சோலை

ஆய்வாளர் கூடலூர் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் வளர்ந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர். பிளஸ் டூ வரை தமிழ் வழி. காட்டில் ஒரு மரத்தை இலையை வைத்து, பட்டையை வைத்து, சில சமயம் இலையைக் கசக்கி முகர்ந்தே சொல்லிவிடுவார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால்தான் தவிப்பு.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எங்கள் மலையில் பல வருடமாக ஓடும் ஒரு வாக்குவாதத்தின் நடுவில் இருக்கிறது. மேல்மலையில் சரிவெல்லாம் புல்வெளி, பள்ளத்தாக்கு மடிப்புகளில் சோலை என்கிற அடர்ந்த மலைக்காடு என்பதுதான் பழைய அமைப்பு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில் மரம்) கொண்டுவந்தார்கள், முதலில் விறகுக்கு, பின்னால் தோல் பதனிடும் டானினுக்கும் காகித ஆலைகளுக்கும் தோட்டமாகவே போட்டார்கள். இப்போது சீகை தானாகப் பரவிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை வெட்டி எடுத்துப் புல்வெளியை மீட்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. வயதான சீகைக் காட்டின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருகின்றன, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்து சீகைதான் மறுபடி அடர்ந்து வரும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் வெளியான ஆய்வுகள் இருக்கின்றன. சோலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சீகைக்கு என்ன வயசு, மாடு மேய்கிறதா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அவலாஞ்சி, எமரால்டு பக்கம் வனத்துறை அனுமதியோடு சில சீகைத் துண்டுகளில் கன்றுகளை எண்ணி இதைப் பார்ப்பதுதான் அவர் வேலை.

அவர் கொடுத்த லிட்டரேச்சர் ரிவ்யூவில், அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அந்த அத்தியாயத்தில், இந்த வாக்குவாதமே இல்லை. சீகை நிழல் சோலைக்கு உதவுகிறது என்று எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொண்டது போல வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆங்கிலம் அழகு. சந்தேகம் எனக்கு ஆங்கிலத்தால் வரவில்லை, அந்த ஒற்றுமையால்தான் வந்தது. இந்த மலையில் சீகை பற்றி நாலு பேர் சேர்ந்தால் ஐந்து கருத்து இருக்கும்.

கேட்டேன். "இந்தக் கட்டுரைய கொஞ்சம் திறந்து காட்டும்மா."

"பிடிஎஃப் இல்ல மேடம். அப்ஸ்ட்ராக்ட் மட்டும் பாத்தேன்."

"சரி, அது எங்க பாத்த?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார், "சாட்ஜிபிடி எடுத்துக் குடுத்துச்சு மேடம். அது கூகுள் மாதிரி தேடித்தான குடுக்கும்னு நெனச்சேன்."

எதெல்லாம் தவறாக இருந்தது

அன்று மாலையே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு மேற்கோளாகத் திறந்தோம். இதை அவரிடம் விட்டுவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம், ஆனால் தவறு எந்த இடத்தில் எப்படி நுழைகிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் வகை, இல்லாத கட்டுரைகள். பத்திரிகையின் பெயர் உண்மை, எழுதியதாகச் சொன்னவர்கள் உண்மையாகவே மேற்குத் தொடர்ச்சி மலையில் வேலை செய்கிறவர்கள், தலைப்பு மட்டும் யாரும் எழுதாதது. ஒன்றின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் நிரந்தர அடையாள எண்) டிஓஐ தளத்தில் போட்டால் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை திறந்தது. இந்தக் கருவிகள் அடிப்படையில் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுபவை. சீகை, சோலை, நீலகிரி என்று ஒரு பத்தி ஓடினால் கடைசியில் ஒரு பெயரும் ஆண்டும் வருவது வழக்கம் என்கிற அமைப்பு அதற்குள் பதிந்திருக்கிறது; அந்தத் துறையில் அடிக்கடி தென்படும் பெயர், பொருத்தமான பத்திரிகை, நம்பும்படியான தலைப்பு எல்லாவற்றையும் அதே கணிப்பில் கோத்துக் கொடுத்துவிடும். 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி உண்டாக்கிய இல்லாத வழக்குகளை மனுவில் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அதைப் பயன்படுத்திய வழக்கறிஞரும் அது ஒரு தேடுபொறி என்று நினைத்ததாகத்தான் சொன்னார். பல வருடம் தொழில் பார்த்த வழக்கறிஞருக்கே இப்படி என்றால், முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வந்த ஒரு பெண் அப்படி நினைத்ததை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது என்ன கருவி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொரு சிக்கலும் அன்று தெரிந்தது. கூகுள் ஸ்காலரில் தலைப்பு தென்பட்டால் கட்டுரை இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லாத கட்டுரையை வேறு யாரோ ஏற்கனவே மேற்கோள் காட்டியிருந்தால் அங்கே வெறும் மேற்கோள் பதிவாகவே அது வந்து நிற்கலாம். கட்டுரையையே திறந்து படித்தால் தவிர நம்பக் கூடாது.

இரண்டாவது வகை எனக்கு இன்னும் கவலை தந்தது. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியது என்று 2018-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. உண்மையான கட்டுரை, ஆண்டு சரி, எண்ணும் சரி. அத்தியாயத்தில் அது நீலகிரியைப் பற்றிய முடிவாக மாறியிருந்தது. மேற்கோளைச் சரிபார்க்கிறேன் என்று டிஓஐயை மட்டும் பார்ப்பவர் இதைத் தாண்டிப் போய்விடுவார். இணையத்தில் தேடிவிட்டுப் பதில் சொல்லும் வசதி இப்போது பல கருவிகளில் இருக்கிறது, அதனால் கற்பனைக் கட்டுரைகள் குறையலாம், ஆனால் இருக்கிற கட்டுரையின் தலையில் அது சொல்லாத கருத்தை ஏற்றிவைக்கும் வேலை அதனால் நின்றுவிடாது.

மூன்றாவது, இரண்டு மரங்கள் ஒன்றாகிவிட்டன. எங்கள் மலையில் கறுப்பு வாட்டில், வெள்ளி வாட்டில் இரண்டும் உண்டு, அதாவது அகேசியா மியர்ன்சியும் அகேசியா டீல்பேட்டாவும். வெள்ளி வாட்டிலை வெட்டினால் வேரிலிருந்து கும்பலாகத் துளிர்க்கும். கறுப்பு வாட்டில் பெரும்பாலும் மண்ணில் பல ஆண்டு காத்துக் கிடக்கும் விதையிலிருந்து வரும். எப்படி அகற்றுவது, அகற்றிய பிறகு எத்தனை வருடம் காவல் இருப்பது என்பதெல்லாம் இந்த வேறுபாட்டில் நிற்கிறது. காட்டில் இரண்டையும் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லும் ஆய்வாளர், திரையில் அவை ஒன்றாகக் கலந்து வந்தபோது கவனிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல அவ்வளவு நல்லா இருந்துச்சு மேடம், அதான் சரியாத்தான் இருக்கும்னு..." என்றார். இந்தப் பதிலை நான் ரொம்ப நாள் யோசித்தேன். நம் பிள்ளைகள் தங்கள் கண்ணால் கண்டதைவிட நல்ல ஆங்கிலத்தை நம்பப் பழக்கப்பட்டிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தை வகுப்பறையில் நாம்தான் கொடுத்தோம்.

எண்களை நம்பியது

துறைக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. முதன்மை நெறியாளர் சார் அத்தியாயத்தையே ரத்து செய்து, எழுத்தில் விளக்கம் வாங்க வேண்டும் என்றார். இன்னொருவர், "4 சதவீதம்தானே, விடுங்கள்" என்றார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தச் சதவீதம் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். 2018 ஒழுங்குமுறையில் 10-க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை, அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. ஏற்கனவே உள்ள எழுத்தோடு சொற்கள் எவ்வளவு பொருந்துகின்றன என்பதுதான் கணக்கு. சாட்ஜிபிடி வருவதற்கு நாலு வருடம் முன்னால் எழுதிய விதி அது. ஒவ்வொரு முறையும் புதிதாக வாக்கியம் கோக்கும் ஒரு கருவியின் எழுத்து இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது, உண்மையாகப் படித்துக் கவனக்குறைவாகக் குறிப்பெடுத்த மாணவர் சிக்குவார். 10 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்ற பயத்தில்தான் நிறைய பேர் ஏஐ பக்கமே போகிறார்கள், வாக்கியத்தை மாற்றிக் கொடு என்று கேட்பதுதான் அவர்கள் செய்யும் முதல் வேலை.

"அப்படியானால் ஏஐ கண்டறியும் மென்பொருளை வைத்துக்கொள்ளலாமே" என்றார்கள். அதே சமயத்தில் எங்கள் துறையில் எம்.எஸ்சி. மாணவி ஒருவரின் புராஜெக்ட் அறிக்கையை இலவசக் கருவி ஒன்றில் போட்டுப் பார்த்து, பெரும்பகுதி ஏஐ எழுதியது என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். வரிக்கு வரி கையால் எழுதிய வரைவு, அடித்தல் திருத்தலோடு. சின்னச் சின்ன வாக்கியம், பழகிய சொற்கள், ஒரே அமைப்பு. ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தவர்கள் எழுதும் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும், இந்த மென்பொருள்களும் அதைத்தான் இயந்திர எழுத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேல், 61 சதவீதம், ஏஐ எழுதியதாக அவை தவறாகச் சொல்லின. ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் சரியாகக் கண்டது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு எண்ணை வைத்து ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்குவது அநியாயம். அந்த எம்.எஸ்சி. மாணவியின் நோட்டுதான் அவளைக் காப்பாற்றியது. எங்கள் நடைமுறை முழுக்க அந்த நோட்டிலிருந்துதான் வளர்ந்தது.

ஓடிய கோடும் ஓடாத கணக்கும்

அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோதே இன்னொரு இடத்தில் முட்டினோம். கன்றுகளின் எண்ணிக்கையை ஆய்வாளர் ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் பகுப்பாய்வு செய்திருந்தார், கோடு, அதாவது கணினி நிரல், ஏஐ எழுதித் தந்தது. பிழையே இல்லாமல் ஓடியது, அழகான வரைபடமும் வந்தது. சோலைக்கு அருகே மூன்று சீகைத் துண்டுகள், தூரத்தில் மூன்று, ஒவ்வொன்றிலும் பத்து குவாட்ரட், அதாவது கன்றுகளை எண்ண அளந்து போட்ட சிறு கட்டங்கள். கோடு இதை அருகே 30, தூரத்தில் 30 என்று எடுத்துக்கொண்டு, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டிருந்தது. மிகத் தெளிவான வேறுபாடு என்று முடிவு.

ஆனால் ஒரே துண்டுக்குள் இருக்கும் பத்து குவாட்ரட்டும் ஒரே சரிவில், ஒரே மண்ணில், பக்கத்துச் சோலையிலிருந்து அதே பறவைகள் கொண்டுவந்து போடும் விதைகளோடு இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள், தனித்தனி சாட்சிகளாக எண்ண முடியாது. கேள்வி துண்டின் தூரத்தைப் பற்றியது என்பதால் உண்மையான ஒப்பீடு மூன்றுக்கு மூன்றுதான். ஹர்ல்பர்ட் 1984-இல் எழுதிய கட்டுரையிலிருந்து சூழலியலாளர்கள் இதைச் சூடோ ரெப்ளிகேஷன் என்று சொல்லி எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். போதாததற்கு, நிறைய குவாட்ரட்டுகளில் கன்றே இல்லை, வரிசையாகப் பூஜ்யம். அப்படிப்பட்ட எண்ணிக்கைத் தரவுக்கு டி-டெஸ்ட் பொருந்தவும் பொருந்தாது.

கோட்டின் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாயால் சொல்லச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். நான் விடையைச் சொல்லவில்லை. "உன் பிளாட் எல்லாம் எங்க இருக்குன்னு ஒரு தாள்ல வரைஞ்சு காட்டு" என்றேன். ஆறு வட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துக் கட்டம். வரைந்து முடித்ததுமே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அவர் அதே கருவியிடம், என் குவாட்ரட்டுகள் ஆறு துண்டுகளுக்குள் அடங்கியவை, எண்ணிக்கைத் தரவு, பூஜ்யம் அதிகம் என்று விளக்கிக் கேட்டார். துண்டை ரேண்டம் எஃபெக்ட் ஆக எடுக்கும், அதாவது ஒரே துண்டுக்குள் இருப்பவை ஒத்திருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளும், கலப்பு மாதிரியை அது சரியாகவே பரிந்துரைத்தது, மூன்றுக்கு மூன்று போதாது என்றும் சொன்னது. தன் காட்டை அறிந்தவர் சரியாகக் கேட்டதால் சரியான பதில். இந்த வேறுபாட்டை அவரே நேரில் கண்டபோது வந்த தெளிவு, நான் பத்து வகுப்பு எடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது. பிறகு குந்தா பக்கம் கூடுதல் துண்டுகளுக்கு அனுமதி கேட்டு எழுதினார்.

குரல் பதிவுகள்

துறையில் இன்னொரு ஆய்வாளர் குறும்பர் பழங்குடி ஊர்களில் பெரியவர்களிடம் மருந்துச் செடிகள் பற்றிப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். மணிக்கணக்கில் ஓடும் பதிவு, கேட்டு எழுதுவது பெரிய பாடு. இலவச ஏஐ சேவை ஒன்றில் ஏற்றி எழுத்தாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

அந்தப் பெரியவர்கள் சம்மதம் கொடுத்தது இந்த மாணவருக்கு, இந்த ஆய்வுக்கு. வெளிநாட்டு சர்வரில் ஏறி, ஒரு நிறுவனத்தின் மாதிரியைப் பயிற்றுவிக்கவும் பயன்படலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பல சேவைகளில் நாமே அமைப்பில் போய் நிறுத்தாவிட்டால் கொடுத்ததைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2002-இன் உயிரிப் பல்வகைமைச் சட்டமும் இருக்கின்றன, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். நம்பிப் பேசியவர்களின் அறிவு அது. தமிழ்நாட்டில் எளிதில் பாதிக்கப்படும் பழங்குடிகள் என்று பட்டியலிட்டுள்ள ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கின்றன, அவர்களிடம் கேட்டு எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் நிறைய. மறுபடி போய்க் கேட்டுச் சம்மதம் பெறாமல் ஒரு நிமிடப் பதிவும் ஏறக் கூடாது என்று முடிவு செய்தோம். அரிய ஆர்க்கிட் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்புகளும் அப்படியே. திருடிப் பறிக்க வருகிறவர்களுக்கு அது வழிகாட்டி.

துல்லியமும் ஒரு பிரச்சினை. நீலகிரியின் படுகு மொழி பேசும் மாணவர் ஒருவர் தன் குரலையே பதிவு செய்து அந்தச் சேவையில் போட்டுப் பார்த்தார். தடங்கலில்லாத தமிழ் வாக்கியங்கள் வந்தன, அவர் சொல்லாதவை. ஒரு மூலிகையை எந்த நோய்க்கு எவ்வளவு கொடுப்பது என்ற பதிவில் இப்படி ஆனால் என்ன ஆகும் என்று மேலே விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டது

ஃபீல்ட் நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஏஐ குறிப்பு எழுதுகிறார்கள். தேதி, எந்தக் கருவி, என்ன கேட்டேன், எதை எடுத்துக்கொண்டேன், எதை வைத்துச் சரிபார்த்தேன். தண்டனைப் பதிவேடாக அது மாறிவிடக் கூடாது என்பதற்காக நானும் என் குறிப்பை அதே மாதிரி வைத்துக் காட்டுகிறேன்.

வாராந்தரச் சந்திப்பில் ஒரு பக்கம் மட்டும் எடுப்போம். நான் விரல் வைக்கும் வாக்கியத்துக்கு ஆதாரமான கட்டுரையைத் திறந்து, அந்தக் கருத்து எந்தப் பத்தியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். முதல் சில வாரம் சிரமப்பட்டார்கள், இப்போது வரும்போதே பிடிஎஃப்களில் கோடு போட்டு வருகிறார்கள். டிஓஐ தளத்திலும், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தளத்திலும் பார்ப்பதோடு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்க்கச் சொல்கிறோம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023 செப்டம்பரில் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

எந்தப் பத்தியாக இருந்தாலும் முதல் குறிப்பு தன்னுடையதாக, கையால் எழுதியதாக இருக்க வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி. இது ஆய்வாளரைப் பெரிய அளவில் மாற்றியது. தமிழில் எழுதத் தொடங்கியதும் அவருடைய ரிவ்யூவில் அந்த வாக்குவாதம் திரும்பி வந்தது, இவர் இப்படிச் சொல்கிறார், ஆனால் அவர் பார்த்த இடம் சோலை ஓரம் என்றெல்லாம். அதை ஆங்கிலமாக்கி, பிறகு இலக்கணம் மட்டும் திருத்து என்று கருவியிடம் கொடுத்து, திருத்தியதையும் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வசதி உள்ளவர்கள் காலங்காலமாகக் காசு கொடுத்து ஆங்கிலம் திருத்தி வாங்கியிருக்கிறார்கள். டேன்டீ குடியிருப்பிலிருந்து வந்த பெண்ணுக்கு அது இப்போதுதான் எட்டுகிறது. ராத்திரியில் புள்ளியியல் சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேட்டு விளங்கிக்கொண்டு, மறுநாள் பாடப்புத்தகத்தில் சரிபார்ப்பதும் நல்ல பயன்பாடுதான்.

வெளிப்படையாகச் சொல்வது பற்றி நிறைய குழப்பம் இருந்தது. ஏஐ ஆசிரியராக இருக்க முடியாது, எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதில் நேச்சர் இதழ் 2023 ஜனவரியிலும் வெளியீட்டு அறநெறிக்கான கோப் அமைப்பு அடுத்த மாதமும் உறுதியாக நின்றன. மற்ற விவரங்களில் இதழுக்கு இதழ் வேறுபாடு. சயின்ஸ் இதழ் முதலில் ஏஐ எழுத்தையே அனுமதிக்கவில்லை, 2023 நவம்பரில் வெளிப்படுத்தினால் போதும் என்று தளர்த்தியது. அனுப்பும் நாளில் அந்த இதழின் விதியைப் படிப்பதுதான் வழி. தீசிஸுக்கு ஆய்வாளர் எழுதி வைத்திருப்பது இப்படி: "இந்த ஆய்வேட்டின் ஆங்கில நடையைத் திருத்தவும், ஆர் மொழிக் கோட்டின் பிழைகளைக் கண்டறியவும் சாட்ஜிபிடி பயன்படுத்தப்பட்டது. கருத்துகள், தரவு, பகுப்பாய்வு முடிவுகள், மேற்கோள்கள் யாவும் என்னுடையவை; ஒவ்வொரு மேற்கோளையும் மூலக் கட்டுரையில் நேரில் சரிபார்த்தேன். பயன்பாட்டுக் குறிப்பேடு பின்னிணைப்பில் உள்ளது."

நெறியாளருக்கும் இதில் கட்டுப்பாடு உண்டு. மாணவரின் வெளிவராத அத்தியாயத்தை ஏஐயில் போட்டுக் கருத்து எழுதச் சொல்லும் பழக்கம் சிலரிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அரசு அமைப்பான என்ஐஎச் 2023 ஜூனில், நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்கள் ஏஐ பயன்படுத்துவதைத் தடை செய்ததே இரகசியம் காக்க வேண்டிய எழுத்து என்பதால்தான். மாணவரின் அத்தியாயமும் அப்படிப்பட்டதே.

இப்போது நிற்கும் இடம்

ரிவ்யூ அத்தியாயம் மறுபடி எழுதப்பட்டது, தாமதமாகத்தான். சோலை ஓரத்திலிருந்து தூரமும் சீகையின் வயதும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது அவருடைய மையக் கேள்வியாக மாறியது, முதல் வரைவில் மறைந்துபோயிருந்த முரண்பாட்டிலிருந்து வந்த கேள்வி அது. டாக்டரல் கமிட்டியில் வெளி உறுப்பினர் ஒருவர் ஏஐ பயன்படுத்தினாயா என்று கேட்டபோது நோட்டைத் திருப்பி வைத்தார். அரை மணி நேரம் அந்தப் பக்கங்களைப் பற்றியே பேச்சு ஓடியது. முதன்மை நெறியாளர் சாரும் இப்போது தன் மற்ற மாணவர்களிடம் நோட்டு கேட்கிறார்.

தீராதவை இருக்கின்றன. எங்கள் கல்லூரியில் இதற்கு எழுதப்பட்ட விதி இல்லை, ஆகவே உண்மையைச் சொன்ன மாணவரை ஒரு தேர்வாளர் பாராட்டலாம், இன்னொருவர் சந்தேகத்தோடு பார்க்கலாம். "சொன்னா பிரச்சன ஆயிடுமா மேடம்?" என்று கேட்கும் எம்.எஸ்சி. பிள்ளைக்கு உறுதியாகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நேரமும் போதவில்லை. யுஜிசியின் 2022 ஒழுங்குமுறைப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை பிஎச்.டி. மாணவர்களை வைத்துக்கொள்ளலாம், எட்டுப் பேரோடும் வாராவாரம் ஒரு பக்கம் உட்கார்ந்து பார்ப்பது, எம்.எஸ்சி. புராஜெக்டுகளும் சேர்ந்தால், நடக்கிற காரியமாக இல்லை. மூத்த ஆய்வாளர் இளையவரோடு உட்காரும் ஏற்பாட்டை இந்தப் பருவம் முயன்று பார்க்கிறோம், சில ஜோடிகள் நன்றாகப் போகின்றன, சில சந்திப்பதே இல்லை.

பிஎச்.டி. சேருகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறிப் பாடம் இருக்கிறது, 2019-இல் யுஜிசி கொண்டுவந்தது, 2 கிரெடிட், 30 மணி நேரம். அடுத்த அணிக்கு அதில் இரண்டு மணி நேரத்தை ஆய்வாளரே எடுக்கப் போகிறார். தன்னுடைய முதல் வரைவை அச்செடுத்து வைத்திருக்கிறார், எந்த மேற்கோள் பொய் என்று சொல்லாமல். மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், பழனி மலை வாக்கியத்தை யார் பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறார். கணினி அறையில் நெட் நிற்குமா என்பதுதான் இப்போதைக்கு அவர் கவலை, அதனால் கட்டுரைகளையும் அச்செடுத்துக்கொண்டிருக்கிறார்.